புறாமலைக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு: முதல் பயணமே வீணாகாமல் இருக்க

ஆசைப்பட்டு, மாதக்கணக்கில் காசு சேர்த்து, நீருக்கடியில் படம் எடுக்கிற ஒரு சின்னக் கமரா வாங்கினேன். திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்குப் போய், புறாமலையைச் சுற்றியுள்ள கடலில் ஒரு மணித்தியாலம் மிதந்தேன். எனக்கு இரண்டு முழத் தூரத்தில் ஒரு ஆமை வந்தது. பாசியைக் கடித்தபடி, எந்த அவசரமும் இல்லாமல் என்னைக் கடந்து போனது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் வீடியோ முழுக்க வெள்ளைப் புகை. ஆமை இருந்த இடத்தில் ஒரு நிழல் அசைகிறது, அவ்வளவுதான். தண்ணீர் புகாமல் கமராவை அடைத்து வைக்கிற கூட்டின் கண்ணாடியில் உட்புறமாக ஆவி படிந்திருக்கிறது. கடலில் இருந்த நேரம் அது எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பு ஒரு தடவை போய், படகே ஓடாமல் திரும்பி வந்திருக்கிறேன். மூன்றாவது தடவைதான் எல்லாம் சரிவந்தது. இடையில் செலவான காசும், வீணான லீவும், வீட்டில் கேட்ட பேச்சும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுழியோடுகிறவர்களுக்கான கட்டுரை இல்லை இது. மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு, உயிர்காப்பு அங்கியோடு மேலே மிதந்துகொண்டு கீழே பார்க்கிறவர்களுக்கானது. வரைபடத்திலும் பலகையிலும் புறாத்தீவு தேசியப் பூங்கா என்று இருக்கும். திருகோணமலையில் நாங்கள் சொல்வது புறாமலை. இரண்டும் ஒன்றுதான்.

1. கமராவுக்கு முன்பு நாட்காட்டியைப் பாருங்கள்

நான் முதல் தடவை போனது நவம்பர் கடைசியில். திருகோணமலைப் பட்டணத்து உவர்மலையிலிருந்து பார்த்தால் வானம் வெளித்துக் கிடந்தது, மழையும் இல்லை. நிலாவெளிக் கரையில் போய் நின்றால் கடல் மண்ணிறம். படகுகளை மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர், “தம்பி, வாடைக் காத்து துவங்கிட்டு. இனிச் சித்திரைக்கு வாங்க” என்றார். அவர் சொன்னதுதான் கணக்கு.

கிழக்குக் கரைக்கு நல்ல காலம் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை, அதாவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. ஐப்பசி கடந்து வாடை எழும்பினால் கடல் கொந்தளிக்கும், ஆற்று வெள்ளமும் சேர்ந்து தண்ணீர் கலங்கிவிடும். படகு கிடைத்தாலும் அந்தத் தண்ணீரில் படம் வராது. கொழும்பிலோ கண்டியிலோ இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவதுண்டு. அவர்களுக்குத் தெரிந்த நத்தார் விடுமுறைக் கடற்கரைகள் எல்லாம் தெற்கிலும் மேற்கிலும் இருப்பவை. எங்களுக்கு அது நேர் எதிரான காலம்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்க அழகு, ஆனால் அதற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காற்றடைத்த டியூப், மிதவைப் படுக்கை போன்றவற்றில் பிள்ளைகளை விட்டால் காற்று அவர்களைச் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நேரம் காலைதான். ஏழு, ஏழரைக்குக் கரையில் நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். மதியம் தாண்டினால் காற்று மாறி அலை எழும்புகிற நாட்கள் உண்டு. கிழமை நாட்களில் போக முடிந்தால் அதுவே நல்லது. சனி, ஞாயிறு, போயா, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை, இவற்றில் எது வந்தாலும் கூட்டம் நெரியும். நூறு கால்கள் மணலைக் கிளப்பிவிட்ட தண்ணீரில் எந்தக் கமராவும் தோற்றுத்தான் போகும். புறப்படுவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிக்கையைப் பாருங்கள். அதோடு நிலாவெளியில் யாராவது ஒரு படகோட்டியிடம் போனில் கேளுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் புறப்படலாம்.

2. கமரா வாங்கும்போது

எந்தக் கமரா நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே மிதந்து படம் எடுக்கிறவருக்கு இப்போது வருகிற ஆக்ஷன் கமரா எதுவும் போதும். பலவற்றைக் கூடு இல்லாமலே 10 மீற்றர் ஆழம் வரை கொண்டுபோகலாம் என்று நிறுவனங்களே சொல்கின்றன. உங்களுக்குத் தேவை இரண்டு மீற்றர். கவனிக்க வேண்டியவை வேறு.

பெட்டியில் உள்ள சீரியல் இலக்கம், கமராவின் உடம்பில் உள்ள இலக்கம், பில்லில் எழுதுகிற இலக்கம் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பில்லில் இலக்கம் எழுதாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஒரு கடையில், “பில் வேணுமெண்டா விலை கூடும்” என்று சொன்னார்கள். நான் வேறு கடைக்குப் போனேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் வெப்பக் காகிதத்தில் அச்சானதென்றால் ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள்.

வரண்டி அட்டையை வாசிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் புகுந்து பழுதானால் ஏற்பீர்களா? பல இடங்களில் பதில் இல்லை என்பதுதான். நீருக்கடியில் பாவிக்கிற கமராவுக்கு அந்தப் பதிலை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அப்போதுதான் ஒரு கூடு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். நான் கூடு வாங்கச் சொல்வேன். ரப்பர் வளையம் ஒன்று கூடுதலாக நடுவில் இருப்பது மனதுக்குத் தைரியம். ஆனால் புகை படிகிற பிரச்சினை கூட்டோடுதான் வருகிறது. அதற்கான வழி நான்காம் படியில் இருக்கிறது.

கனடாவிலோ டுபாயிலோ இருக்கிற சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால், அந்த வரண்டி பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பாவித்த கமரா வாங்குவதென்றால், அதை விற்கிறவரின் கணக்கிலிருந்து அதைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பற்றரிக் கதவைத் திறந்து உள்ளே பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா பாருங்கள். படிந்திருந்தால் அது ஏற்கெனவே உப்புத் தண்ணீர் குடித்த கமரா.

போனையே கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு: தண்ணீர் புகாது என்பதற்கு IP68 என்று பெட்டியில் குறி போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. கடல் தண்ணீருக்கு அது பொருந்தாது, வரண்டியும் பெரும்பாலும் கைகொடுக்காது. கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஓரளவுக்குப் பாவிக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. சத்தம் கூட்டுகிற பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்குகிற மாதிரி வீட்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில், வைஃபை இருக்கிற இடத்தில் செய்ய வேண்டியவை

இதை இரண்டு நாள் முன்பே செய்யுங்கள். என்னோடு வந்த நண்பர் தன் புதுக் கமராவைப் படகில் வைத்துத்தான் பெட்டியிலிருந்து எடுத்தார். திரையில் “செயலியோடு இணைத்துச் செயற்படுத்தவும்” என்று வந்து நின்றுவிட்டது. கடலில் டேட்டா ஒரு கோடு வருகிறது, அடுத்த நிமிடம் இல்லை. மூன்று மணித்தியாலம் அந்தக் கமரா பையிலேயே கிடந்தது.

சில கமராக்கள் செயலி வழியாகச் செயற்படுத்தும் வரை இயங்காது. சில செயலிகள் கூகுள் பிளேயில் கிடைக்காது, நிறுவனத்தின் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். கணக்குத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், உறுதிப்படுத்தும் இலக்கம் வரக் காத்திருக்க வேண்டும், பிறகு மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லும். மொத்தமாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள்.

அப்புறம் மெமரி காட். அதிக மோசடி நடக்கிற பொருள் இது. 1 டெராபைட் என்று எழுதி, 64 ஜிபி காட்டின் விலைக்கு விற்றால் அது போலி. கமராவில் போட்டால் முழு அளவையும் காட்டும், உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். நிறைந்த பிறகு எடுத்த வீடியோக்கள் திறக்காது. விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் காட் முழுவதையும் எழுதி வாசித்துப் பார்க்கலாம். ஓர் இரவு ஓடட்டும். மேலே U3 அல்லது V30 என்ற வேகக் குறி இருக்கிற காட்டாக வாங்குங்கள். 64 ஜிபி போதும். 4கே தரத்தில், வினாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கும் சற்று அதிகமாக வரும். 100 மெகாபிட் என்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்பே பற்றரி முடிந்துவிடும். ஆகவே காசு மிச்சமிருந்தால் பெரிய காட்டை விட இரண்டாவது பற்றரியில் போடுங்கள்.

4. வாளிச் சோதனை, புகையை நிறுத்துவது

கூடு வாங்கியிருந்தால், கமராவைப் போடாமல் வெறும் கூட்டுக்குள் ஒரு டிஷ்யூத் தாளை மடித்து வைத்து மூடுங்கள். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். வெளியே எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகு திறந்து தாளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலை ஈரமாக இருந்தாலும் அந்தக் கூட்டைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். போனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் உறைக்கும் இதே சோதனைதான்.

தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் அல்லது ஒரு முடி. வளையத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கமராவின் பற்றரிக் கதவுக்கும் அப்படித்தான். கதவை மூடியதும் பூட்டுக் குறி சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் முழுதாக மூடவில்லை.

புகைக்கு வருகிறேன். கமரா பதிவு செய்யும்போது சூடாகும். கூட்டுக்குள் அடைபட்ட காற்றில் ஈரம் இருந்தால் அது குளிர்ந்த கண்ணாடியில் ஆவியாகப் படியும். கரையில் வியர்வை வடிய நின்று நான் கூட்டைத் திறந்து மூடினேன், அதுதான் பிழை. மூன்றாவது தடவை முதல் நாள் இரவே, ஏசி ஓடுகிற அறையில் வைத்துக் கமராவைக் கூட்டுக்குள் பூட்டினேன். ஏசிக் காற்றில் ஈரம் குறைவு. உங்கள் வீட்டில் ஏசி இல்லாவிட்டால் வேலைசெய்கிற இடத்திலோ நண்பர் வீட்டிலோ பூட்டிக்கொண்டு வரலாம். உள்ளே ஈரம் உறிஞ்சும் மெல்லிய தாள் இரண்டைச் செருகினேன். கமராக் கடைகளில் அது கிடைக்கும். பூட்டிய பிறகு தீவிலிருந்து திரும்பும் வரை திறக்கவே இல்லை. பற்றரி ஒன்றோடு முடித்துக்கொண்டேன். படகில் வெயில் படாமல் துண்டில் சுற்றி வைத்தேன். எடுத்தது 50 நிமிடம், எல்லாம் தெளிவு.

முகத்தில் போடுகிற மாஸ்க்கும் புகைக்கும். உட்புறக் கண்ணாடியில் குழந்தைகளின் ஷாம்பு ஒரு துளி விட்டுத் தேய்த்து, லேசாக அலசினால் போதும்.

5. என்ன ஆவணம், எவ்வளவு காசு

புறாமலை வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் உள்ள தேசியப் பூங்கா. ஆகவே இரண்டு செலவு தனித்தனியாக வரும்: திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு, படகுக் கூலி. நுழைவுச் சீட்டை நிலாவெளிக் கரையில் உள்ள சீட்டு அலுவலகத்தில் எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு கட்டணம். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத வற் வரியும் சேரும்.

உள்ளூர்க் கட்டணம் வேண்டுமென்றால் தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொண்டுபோங்கள். போனில் இருக்கிற படத்தை நம்பிப் போக வேண்டாம். பிள்ளைகளுக்கு வயது கேட்டால் காட்டுவதற்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். என் மாமா ஒருவர் திருகோணமலையில் பிறந்து, இங்கேயே படித்து, முப்பது வருடத்துக்கு முன்பு வெளியேறியவர். இப்போது அவரிடம் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும். சீட்டு எடுக்கிற இடத்தில் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம் சொன்னார்கள். “நான் பிறந்த ஊருக்குள்ள போக எனக்கு டொலர் கணக்கா?” என்று அவர் மனம் நொந்து நின்றார். எனக்கும் அது வலித்தது. ஆனால் அங்கே இருப்பவர் பார்ப்பது தாளைத்தான், அவர்மேல் கோபப்பட்டு ஆவது ஒன்றும் இல்லை. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதற்கான சான்றிதழையோ இலங்கை அடையாள அட்டையையோ கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் செலவை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் கட்டணத்தில் தலைக்கு உள்ள தொகையோடு குழுவுக்கு ஒன்றாகச் சேவைக் கட்டணமும் வரும். அதனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சேர்ந்தே ஒரு குழுவாகச் சீட்டு எடுத்தால் கொஞ்சம் மிச்சம்.

படகுக் கூலிதான் பெரிய செலவு. எங்கள் ஐந்து பேரின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. படகுக்கு ஒரு தொகை என்று பேசுவதால், இரண்டு பேராகப் போனால் கனக்கும், ஆறு பேர் சேர்ந்தால் இலேசாகும். மாஸ்க், மூச்சுக்குழாய், காலில் போடுகிற துடுப்பு எல்லாம் வாடகைக்கு எடுக்க நான் ஆளுக்கு 1000 ரூபா கொடுத்தேன். அடிக்கடி போகிற எண்ணம் இருந்தால் மாஸ்க்கை மட்டுமாவது சொந்தமாக வாங்குங்கள். மற்றவர் முகத்துக்கு அளவான மாஸ்க் உங்கள் முகத்தில் தண்ணீர் விடும், மீசை இருந்தால் இன்னும் மோசம். காசைப் பட்டணத்திலேயே எடுத்து, சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

6. போவதும் படகு பேசுவதும்

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ்கள் எல்லாம் உப்புவெளி, சாம்பல்தீவு கடந்து நிலாவெளியால்தான் போகும். பஸ் வீதியிலேயே இறக்கிவிடும், அதிலிருந்து கரைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். சாமான் இருந்தால் ஓட்டோ பிடியுங்கள், ஏறும் முன்பே விலை பேசுங்கள்.

வீதியில் மறித்து, “புறாமலையா அண்ணா, எல்லாம் சேர்த்து ஒரே விலை” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் எல்லாம் என்றால் என்ன என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். நான் கேட்பது இவைதான்: நுழைவுச் சீட்டுச் சேர்த்தா, சேர்க்காமலா? போய்வர இரண்டு வழிக்குமா? தீவில் எத்தனை மணித்தியாலம் நிற்கலாம்? தலைக்கு ஒரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? படகிலேயே மாஸ்க் தருவீர்களா? முழுக் கூலியையும் போகும்போது கொடுக்காதீர்கள், திரும்பி வந்ததும் மிச்சத்தைக் கொடுங்கள். படகோட்டியின் போன் இலக்கத்தை வாங்கி, அவர் முன்னாலேயே ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

படகில் பத்துப் பதினைந்து நிமிடம். நேரத்தை இரண்டரை மணித்தியாலமாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் என்று பேசினால் கண் பழகுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

7. தீவில்

பொலித்தீன் பை, சொப்பிங் பாக் எதையும் கொண்டுபோகாதீர்கள். சோற்றுப் பார்சலைக் கரையிலேயே முடியுங்கள் அல்லது திரும்பி வந்து சாப்பிடுங்கள். தீவில் கடை இல்லை. பலமுறை பாவிக்கிற போத்தலில் தண்ணீர் போதிய அளவு எடுங்கள். கழிப்பறைத் தேவையையும் கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கரையோரம் உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) குவிந்து கிடக்கும், வெறுங்காலோடு நடந்தால் வெட்டும். றப்பர்ச் செருப்பு வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் போன பிறகு உயிருள்ள முருகைக்கல்லின்மேல் செருப்போடும் நிற்கக் கூடாது. அது கல் மாதிரித் தெரிந்தாலும் உயிர். வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வளர்ந்ததை ஒரு மிதியில் உடைத்துவிடலாம். களைத்துப்போனால் மணலுக்குத் திரும்பி வந்து நில்லுங்கள், அல்லது மல்லாந்து மிதவுங்கள். முழுக்கை ரீசேட் போட்டுக்கொண்டு இறங்குங்கள். முதுகு வேகாது, கிரீமும் அவ்வளவு தேவைப்படாது.

படம் எடுப்பதில் எனக்குப் பயன்பட்டவை. சூரியன் ஓரளவு ஏறிய பிறகு, ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், உங்கள் முதுகுப் பக்கம் வெயில் இருக்கிற மாதிரி மிதந்துகொண்டு எடுங்கள். தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு நிறத்தை. ஆழமும் தூரமும் கூடக் கூட எல்லாம் நீலமாகிவிடும். ஆகவே பொருளுக்குக் கிட்டப் போனால்தான் நிறம் வரும். சூம் வேண்டாம். ஒரு காட்சிக்குப் பத்து வினாடியாவது கையை அசைக்காமல் பிடியுங்கள். புதுசில் எல்லாரும் செய்கிறது கமராவை இங்குமங்கும் திருப்புவதுதான், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். பதிவு தொடங்கிவிட்டதா என்று திரையில் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். என் தங்கை கிளிமீன் கூட்டம் ஒன்று கடந்து போகும்வரை நிறுத்தி, அது போன பிறகு தன் முழங்காலைப் பதிந்து வைத்திருந்தாள்.

கமராவை மிதக்கும் கைப்பிடியில் பொருத்துங்கள், செம்மஞ்சள் நிறமாக இருந்தால் தேட இலகு. மணிக்கட்டில் கயிறும் இருக்கட்டும். கயிறு மட்டும் போட்டு, அது அறுந்தால் கமரா கீழேதான்.

ஆமையைத் துரத்தாதீர்கள். அது மூச்சு விட மேலே வர வேண்டும். முன்னால் கமராவை நீட்டிக்கொண்டு நின்றால் பயந்து திரும்பிக் கீழே போய்விடும். பக்கவாட்டில், அசையாமல் கிடந்தால் தானாகவே கிட்ட வரும். சுறாவும் அப்படித்தான். இங்கே வருவது துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா, ஒன்றரை மீற்றர் அளவு. உங்களைக் கண்டு அதுதான் விலகும். கையை அடித்து நீந்தாமல், தீனி எதுவும் போடாமல் இருந்தால் சில வினாடிகளாவது கிடைக்கும். நான் முதன்முதல் அதைக் கண்டபோது என் இதயம் அடித்த சத்தம் மூச்சுக்குழாய்க்குள் கேட்டது. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகம்.

தனியாக இறங்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் எடுக்கும்போது மற்றவர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். படம் எடுக்கிற ஆளுக்கு, தான் எவ்வளவு தூரம் இழுபட்டுப் போனார் என்பது தெரியவே தெரியாது. நீந்தத் தெரிந்தாலும் அங்கியைக் கழற்ற வேண்டாம். ஏதும் நடந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் எல்லார் மனதிலும் இருக்கட்டும்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும், தேசியப் பூங்கா என்பதால் திணைக்களத்தின் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது. திருகோணமலையில் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானப்படைத் தளமும் இருக்கின்றன. இங்கே அது விளையாட்டு இல்லை.

8. உப்பைக் கழுவுவது

இதில் அலட்சியம் செய்தால் இரண்டாவது பயணத்துக்குக் கமரா இருக்காது. பொத்தான்கள் இறுகிப்போகும், இரும்பு ஆணிகள் துருப்பிடிக்கும். கரையேறியதும் நான் கொண்டுபோன ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானிலிருந்து முதலில் ஒரு தடவை ஊற்றிக் கழுவினேன். உப்பு காய முன்பு கழுவுவதுதான் முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் கதவுகள் மூடியபடியே வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். இடைக்கிடை பொத்தான்களை அழுத்திவிடுங்கள். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள். கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் சவர், அதில் ஊறவைத்தால் செய்த வேலைக்குப் பலனில்லை. பிறகு துடைத்து, நிழலில் காயவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். படம் பார்க்கிற அவசரத்தில் ஈரக் கையோடு கதவைத் திறந்து, கடலில் தப்பிய கமராவை வீட்டு மேசையில் வைத்துக் கெடுத்தவரை எனக்குத் தெரியும். வெயிலில் வைக்காதீர்கள், தலைமுடி உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம். ரப்பர் இளகிவிடும்.

அன்றிரவே வீடியோக்களைக் கணினியிலும் இன்னொரு இடத்திலும் பிரதி எடுங்கள். இரண்டு இடத்திலும் திறந்து பார்த்த பிறகுதான் காட்டை அழிக்க வேண்டும். அழிப்பதைக் கணினியில் இல்லாமல் கமராவில் உள்ள ஃபோர்மட் வழியாகச் செய்யுங்கள்.

9. வாடை மாதங்களில் பத்திரப்படுத்துவது

புரட்டாதிக்குப் பிறகு ஆறேழு மாதம் கமரா சும்மா கிடக்கும். பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்தோ முழுதாக இறங்கவிட்டோ வைக்காமல், பாதி அளவில் கழற்றி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். கூட்டை இறுகப் பூட்டி வைத்தால் ரப்பர் வளையம் தட்டையாகிவிடும், கொளுக்கியைத் திறந்தே விடுங்கள். மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வைப்பது போதும். பங்குனி கடைசியில் எடுத்து, வளையத்தைப் பார்த்து, வாளிச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். பழுதாகியிருந்தால் புது வளையம் வந்துசேர மூன்று, நான்கு கிழமை ஆகலாம், அதற்கும் சேர்த்து நாள் விடுங்கள்.